தேர்ச்சி விழுக்காடும் சிப்காட் நிலமும்

தருமபுரி மாவட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கையில் இரண்டு பட்டியல்கள் இருக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எழுத்தறிவுப் பட்டியல் ஒன்று. அதில் தமிழகத்தின் கடைசி மாவட்டம் தருமபுரி, 68.5 விழுக்காடு. மாநிலச் சராசரி 80, முதலிடத்தில் இருந்த கன்னியாகுமரி 91-க்கும் மேல். ஏழு வயதைத் தாண்டிய பெண்களை மட்டும் எடுத்தால், தருமபுரியில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இன்னொரு பட்டியல் அதே காலத்தில் ஆண்டுதோறும் மே மாதம் வெளிவந்தது. பொதுத்தேர்வில் மாநில அளவில் இடம்பிடித்தவர்களின் பட்டியல் அது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் விடுதிப் பள்ளிகள் அதில் திரும்பத் திரும்ப வந்தன. சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய் ஏறி அதியமான்கோட்டையைக் கடந்து போகிறவர்கள், மதிப்பெண்ணைப் பெயரைவிடப் பெரிதாக அச்சடித்த பேனர்களைப் பார்த்துக்கொண்டே போன காலம் அது.

இரண்டு பட்டியலும் பொய் சொல்லவில்லை. முதலாவது, பள்ளிக்கூடத்தின் திண்ணையைக்கூட மிதித்திராத பாட்டிமாரையும் சேர்த்து ஊர் முழுவதையும் எண்ணியது. இரண்டாவது, பல மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிய, ஏற்கெனவே சலித்து எடுக்கப்பட்ட பிள்ளைகளில் சிலரை எண்ணியது. ஒன்றை வைத்து மாவட்டம் பின்தங்கியது என்றும், மற்றதை வைத்து மாவட்டம் முந்திவிட்டது என்றும் ஒரே மேடையில் பேச முடிந்தது. பேசவும் செய்தார்கள்.

2017-இல் தமிழக அரசு மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. பதினேழு வயதுப் பிள்ளைகளைப் பந்தயத்தில் ஓடவிடும் அந்த வழக்கம் ஒழிந்தது நல்லதே. ஆனால் மாணவருக்கு நின்றுபோன ரேங்க் மாவட்டத்துக்கு நிற்கவில்லை. எந்த மாவட்டம் எத்தனை விழுக்காடு, அரசுப் பள்ளிகளில் எத்தனை விழுக்காடு, நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டிய பள்ளிகள் எத்தனை என்ற கணக்கை அரசுத் தேர்வுகள் இயக்ககம் இன்றும் முடிவு வெளியாகும் நாளிலேயே தருகிறது. மறுநாள் நாளிதழ்களில் அதுதான் தலைப்பு. ஒரு மாவட்டத்தின் கல்வி நிலை என்றாலே இந்த ஒற்றை எண் என்றாகிவிட்டது. கல்வி முன்னேறினால் மாவட்டம் தொழிலில் முன்னேறும் என்ற பேச்சுக்கும் ஆதாரமாக இதையே நீட்டுகிறார்கள். இந்த வழக்கம் எந்த அளவுக்குப் பயன்பட்டது, எங்கே தவறுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். தேர்ச்சி விழுக்காடு என்ற அழுத்தம் இல்லாதிருந்தால், நல்லம்பள்ளி, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரங்களின் அரசுப் பள்ளிகளை யார் எட்டிப் பார்த்திருப்பார்கள்? முடிவு வந்ததும் ஆட்சியர் முதன்மைக் கல்வி அலுவலரைக் கேட்கிறார். அவர் தலைமையாசிரியர்களை ரிவியூ மீட்டிங்குக்கு அழைக்கிறார். எந்தப் பாடத்தில் எத்தனை பேர் விழுந்தார்கள், அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருந்தாரா, பணியிடம் எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது என்ற கேள்விகள் அந்தக் கூட்டத்தில் எழுகின்றன. காலியிடம் நிரம்புவதற்கு, பெற்றோர் கொடுக்கும் மனுவைவிட, போன ஆண்டு அந்தப் பாடத்தில் சரிந்த விழுக்காடு அதிகம் உதவுகிறது. மாலை நேரச் சிறப்பு வகுப்பு, அங்கே கொடுக்கும் சுண்டல், வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்கே போகும் வகுப்பாசிரியர், எல்லாவற்றையும் இந்த எண்தான் நடத்துகிறது.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இதன் மதிப்பு இன்னும் கூடுதல். குழந்தைத் திருமணம் முற்றிலும் ஓயாத மாவட்டம் தருமபுரி. பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணைப் பதினொன்றில் சேர்த்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வறை வரை கொண்டுபோய் உட்காரவைத்தால், அவளுடைய கல்யாணப் பேச்சு குறைந்தது இரண்டு ஆண்டு தள்ளிப்போகிறது. தலைமையாசிரியருக்கு அந்தப் பெண் ரிசல்ட்டில் ஓர் எண்ணாகவே தெரிந்திருக்கலாம். அந்த எண்ணுக்காக அவர் ஒரு தகப்பனிடம் வாதாடிய மாலைப்பொழுது வீணாகவில்லை. 2022 செப்டம்பரில் வந்த புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று அந்த வாதத்துக்கு ஒரு கைப்பிடியும் கொடுத்திருக்கிறது.

பட்டியல் போடுவதை அடியோடு நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. இங்கிலாந்தும் வேல்ஸும் 1992 முதல் பள்ளிவாரித் தேர்வு முடிவுகளை வெளியிட்டு வந்தன. வேல்ஸ் 2001-இல் அதை நிறுத்தியது, இங்கிலாந்து தொடர்ந்தது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர்கள் பின்னர் இரண்டையும் ஒப்பிட்டார்கள். வேல்ஸில் பள்ளிகளின் செயல்திறன் சரிந்திருந்தது. சரிவு மேல்தட்டுப் பள்ளிகளில் இல்லை, ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலேயே அதிகம் இருந்தது. வசதியான வீட்டுப் பிள்ளையைக் கவனிக்க வீட்டில் ஆள் இருக்கிறது. பட்டியலில் பெயர் கெட்டுவிடுமோ என்ற அரசாங்கத்தின் பயம் ஏழைப் பிள்ளைக்குத்தான் காவல். ரேங்க் வேண்டாம், விழுக்காடும் வேண்டாம், குழந்தைகள் சுதந்திரமாக மலரட்டும் என்று எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அப்படி எழுதுகிறவர்களின் பிள்ளைகள் அனேகமாக அரசுப் பள்ளியில் இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இனி அதன் குறைகளைப் பார்க்கலாம். முதல் குறை, இந்த விழுக்காடு யாரை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பதிலேயே இருக்கிறது.

2023 மார்ச் 13 அன்று பன்னிரண்டாம் வகுப்பு மொழிப்பாடத் தேர்வு நடந்தது. தேர்வு எழுத வராதவர்கள் 50 ஆயிரத்துக்கும் மேல். மாநிலமே ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசியது. 2021-இல் கொரோனாவால் பத்தாம் வகுப்பில் எல்லோரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டவர்கள், பதினொன்றாம் வகுப்பிலேயே வராமல் நின்று பெயர் மட்டும் பட்டியலில் தொடர்ந்தவர்கள், வேலைக்குப் போய்விட்டவர்கள் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. மே மாதம் முடிவு வந்தது: 94.03 விழுக்காடு தேர்ச்சி. இந்த விழுக்காடு தேர்வு எழுதிய எட்டு லட்சத்துச் சொச்சம் பேருக்கானது. வராத அந்த 50 ஆயிரம் பேர் அதில் இல்லை. அவர்களையும் சேர்த்து வகுத்தால் விழுக்காடு தொண்ணூறுக்குக் கீழே இறங்கிவிடும். ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் நின்றுபோனவர்களையும் சேர்த்தால் இன்னும் இறங்கும். மார்ச்சில் தலைப்புச் செய்தியாக இருந்த அவர்களை மே மாதத்தில் யாரும் தேடவில்லை.

மாநில அளவில் இது தற்செயலாக நடந்ததாகவே இருக்கட்டும். ஒரு பள்ளியின் அளவில் இது ஒரு வழிமுறையாகிவிடுகிறது. நூறு விழுக்காடு காட்டுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. தேறாத பிள்ளையைத் தேறவைப்பது ஒரு வழி, தேறாத பிள்ளை தேர்வறைக்கு வராமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வழி. ஒன்பதாம் வகுப்பு முடிவில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்வது, தனித்தேர்வராக எழுதும்படி ‘அறிவுரை’ கூறுவது, நீண்ட நாள் வராதவர் என்று பெயரை நீக்குவது ஆகியவை இந்த இரண்டாம் வழியில் சேரும். எல்லாப் பள்ளியும் இதைச் செய்வதில்லை. ஆனால் செய்கிற பள்ளிக்கும் செய்யாத பள்ளிக்கும் இந்த விழுக்காட்டில் வித்தியாசம் தெரியாது. செய்யாத பள்ளிதான் ரிவியூ மீட்டிங்கில் எழுந்து நின்று திட்டு வாங்கும்.

அடுத்தது, தேர்ச்சிக்குள் என்ன இருக்கிறது என்பது. ரிசல்ட்டுக்காகப் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதித்து, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டு ஓட்டும் பழக்கத்தை விடுதிப் பள்ளிகள் ஒரு கலையாகவே வளர்த்தன. அதை உடைக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அது நீக்கப்பட்டுவிட்டது. தொடர்ந்து மூன்று ஆண்டுப் பொதுத்தேர்வு பிள்ளைகளை நசுக்குகிறது என்ற காரணம் நியாயமானதே. ஆனால் விழுக்காட்டு மோகத்தைத் தொடாமல் தேர்வை மட்டும் எடுத்தால் பழைய பழக்கம் பின்வாசல் வழியாகத் திரும்பி வரும்.

அரசுப் பள்ளிகளில் கதை வேறு. அங்கே முயற்சி முழுவதும் 35 மதிப்பெண் என்ற கோட்டின் மேல் குவிகிறது. மெல்லக் கற்போர் என்று தனியே பிரித்து, குறைந்தபட்சக் கற்றல் கையேடு ஒன்றைக் கொடுத்து, புக் பேக் ஒரு மதிப்பெண் வினாக்களையும் உறுதியாக வரக்கூடிய சில பெரிய வினாக்களையும் மனப்பாடம் செய்யவைத்துக் கோட்டைத் தாண்டவைக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் பின்னம் புரியாத பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓர் ஆசிரியரால் வேறென்ன செய்ய முடியும்? குற்றம் அவர்மேல் இல்லை. கோட்டைத் தாண்டிய பிறகும் அந்தப் பின்னம் அப்படியே கிடக்கிறது என்பதுதான் சங்கடம்.

இது வெறும் ஊகம் என்று தள்ளிவிட முடியாது. 2009 சுற்றுக்கான சர்வதேச பீசா தேர்வில், இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது, பங்கேற்ற 74 நாடுகள், பகுதிகளில் இரண்டும் கடைசி வரிசையில் நின்றன. அதே 2011-இல் தமிழகத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி 85 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி, அதன்பின் இந்தியா அந்தத் தேர்வுப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டது. 2022-இல் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் ஆய்வு, தமிழகக் கிராமப்புற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடியவர்கள் இருபதில் ஒருவர் அளவுக்கே இருப்பதாகச் சொன்னது. கொரோனாவின் அடி அதில் உண்டு, 2024 ஆய்வில் நிலைமை ஓரளவு மீண்டிருந்தது. ஏசரின் முறையை ஏற்காத மாநில அரசு, 2025 பிப்ரவரியில் மாநிலத் திட்டக்குழு வழியாக 3, 5, 8 ஆகிய வகுப்புகளுக்குத் தானே ஒரு பெரிய அடைவுத் தேர்வை நடத்தியது. அது நல்ல எதிர்வினை. அந்த முடிவுக்கு மே மாதத் தேர்ச்சி விழுக்காட்டுக்குக் கிடைக்கும் தலைப்பில் பாதியாவது கிடைத்திருக்க வேண்டும்.

சரி, தேர்ச்சி விழுக்காட்டுக்கும் மாவட்டத்தின் பொருளாதாரத்துக்கும் உள்ள உறவைப் பார்ப்போம். இங்கேதான் பொதுப்புத்தி மிகப் பெரிய அளவில் தடுமாறுகிறது.

2018 ஜனவரியில் ஒன்றிய அரசின் நிதி ஆயோக், நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களை ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று நாகரிகமாகப் பெயரிட்டுப் பட்டியலிட்டது. தமிழகத்திலிருந்து இரண்டு மாவட்டங்கள் அதில் இடம்பெற்றன: விருதுநகர், ராமநாதபுரம். நான்கு மாதம் கழித்துப் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தது. மாநிலத்தில் முதலிடம் விருதுநகர், 97.05 விழுக்காடு. அந்த மாவட்டத்துக்கு அது புதிதும் அல்ல, ஆண்டாண்டாகப் பழகிப்போன இடம். அரியலூரைப் பாருங்கள். மாநிலத் திட்டக்குழுவின் 2017 மனித மேம்பாட்டு அறிக்கையில் மாநிலத்தின் கடைசி இடம் அதற்கு. 2025 பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் முதலிடமும் அதற்கே, 98.82 விழுக்காடு. மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல்லும் மண்மேல் வரிசையாக சிமென்ட் ஆலைகளும் உள்ள மாவட்டம் அது. ஆக, ஆலையும் இருக்கிறது, ரிசல்ட்டும் இருக்கிறது, வாழ்க்கை மட்டும் கடைசியில் நின்றது. எதிர்த்திசையில் வேலூர். சி.எம்.சி. மருத்துவமனையும் நாடறிந்த பல்கலைக்கழகமும் உள்ள மாவட்டம், 2025 பத்தாம் வகுப்பில் 85.44 விழுக்காட்டோடு கடைசி இடம்.

இதிலிருந்து கல்விக்கும் வளர்ச்சிக்கும் தொடர்பே இல்லை என்று முடிவுகட்டுவது அவசரம். நான் காண்பது வேறு. வானம் பார்த்த பூமியில், படித்து வெளியே போவதைத் தவிர வழியில்லாத ஊரில், பிள்ளைகள் பள்ளியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். தோல் பதனிடும் இடமோ பனியன் கம்பெனியோ கட்டட வேலையோ பதினாறு வயதுப் பையனுக்கும் கையில் காசு கொடுக்கும் ஊரில், பள்ளியின் பிடி தளர்கிறது. அப்படியானால் உயர்ந்த தேர்ச்சி விழுக்காடு சில மாவட்டங்களில் வளர்ச்சியின் அடையாளம், சில மாவட்டங்களில் வேறு வழியில்லாமையின் அடையாளம். ஒரே எண் இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிறது.

ஸ்டான்ஃபோர்டின் எரிக் ஹனுஷெக்கும் மியூனிக்கின் லுட்கர் வோஸ்மனும் பல நாடுகளின் கணக்கை எடுத்து ஆராய்ந்து, ஒரு நாட்டின் வளர்ச்சியோடு ஒத்துப்போவது மக்கள் பள்ளியில் கழித்த ஆண்டுகளைவிட அவர்கள் உண்மையில் கற்ற திறன்தான் என்று காட்டினார்கள். கல்வி மாநாடுகளில் இது அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அவர்கள் ஆராய்ந்தது நாடுகளை. நாட்டுக்கு எல்லை உண்டு, விசா உண்டு. தருமபுரிக்கும் பெங்களூருக்கும் நடுவே என்ன இருக்கிறது? சில சுங்கச்சாவடிகள். படித்த பிள்ளை பேருந்து ஏறிய நிமிடமே அந்தக் கல்வியின் பலன் வேறு மாவட்டத்தின், வேறு மாநிலத்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. கேரளத்தின் பள்ளிகள் பல பத்தாண்டுகள் வளைகுடாவின் வளர்ச்சிக்கு உழைத்ததும் இப்படித்தான். அந்தக் குடும்பங்கள் வாழ்ந்தன, பணம் வந்தது, வீடுகள் எழுந்தன. அதைக் குறையென்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அதை வட்டார வளர்ச்சி என்று பெயரிட்டு அழைக்கக் கூடாது.

புறநானூற்றில் அவ்வை, அதியமானின் வாயிலில் காக்கவைக்கப்பட்டபோது காவலனிடம் சொன்னது இந்த இடத்தில் பொருந்துகிறது. தொழில் தெரிந்தவனுக்குப் போகிற பக்கமெல்லாம் சோறு உண்டு என்பது அந்தப் பாட்டின் கருத்து. தன் வித்தையில் இருந்த உறுதியால், பரிசில் தர நேரம் கடத்திய மன்னனின் வாயிலிலேயே அவ்வையால் அப்படிப் பேச முடிந்தது. அதியமான்கோட்டையில் அதியமானுக்கும் அவ்வைக்கும் கோட்டம் எழுப்பியிருக்கிறோம். மேடைப் பேச்சில் நெல்லிக்கனியோடு கதையை முடித்துவிடுகிறோம். அந்த வட்டாரத்திலிருந்து இன்றும் நாலா பக்கமும் போகிறார்கள்: பெங்களூரின் கட்டடங்களுக்கு, திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கு, ஓசூரின் ஆலை விடுதிகளுக்கு. கையில் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இருக்கிறது. வாயிலில் நின்று கூலி பேசும் உறுதியைத் தரும் வித்தை எத்தனை பேரிடம் இருக்கிறது?

ஊரின் அமைப்பு இப்போது மாறிவருகிறது. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் 844-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அதியமான்கோட்டையில்தான் சேலம் நெடுஞ்சாலையோடு சேர்கிறது. தேய்பிறை அஷ்டமிக்குக் காலபைரவர் கோயிலுக்கு வரும் கூட்டத்துக்காக மட்டுமே வெளியூர்க்காரர்கள் அறிந்திருந்த ஊர், இரண்டு பெருஞ்சாலைகளின் முனை ஆகிவிட்டது. பக்கத்தில் அதகப்பாடி, தடங்கம், பாலஜங்கமனஹள்ளிப் பகுதிகளில் 1,700 ஏக்கர் அளவில் சிப்காட் தொழிற்பூங்கா பல ஆண்டு அறிவிப்புகளுக்குப் பிறகு உருவெடுத்துவருகிறது. இந்த இடத்தைத் தேர்ந்தவர்கள் யாரும் நல்லம்பள்ளி வட்டாரத்தின் தேர்ச்சி விழுக்காட்டைப் பார்த்துத் தேர்ந்திருக்க மாட்டார்கள். ஓசூரின் நெரிசலுக்கு மாற்று, சாலை, சேர்ந்தாற்போல் நிலம் என்பவையே இப்படிப்பட்ட முடிவுகளைத் தீர்மானிக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்ட மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதைக்காக இத்தனை பத்தாண்டுகள் மாவட்டம் குரல் கொடுத்துவருவதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்த பிறகே ஃப்ளோரைடு நீரால் பல் பழுப்பேறிய தலைமுறைக்கு விடிவு கிடைத்ததும் இந்தக் கணக்கில்தான் சேரும். தொழிற்சாலையைக் கொண்டுவருவது சாலையும் தண்ணீரும் நிலமும். வந்த தொழிற்சாலையில் யார் எந்த நாற்காலியில் உட்காருவார் என்பதைத் தீர்மானிப்பதே பள்ளிக்கூடம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் விவாதம் சுற்றிச் சுற்றி வருகிறது.

நாற்காலி என்றேன். முதல் வரிசை வேலைகளுக்கு நாற்காலியே கிடையாது, நின்றுகொண்டே செய்ய வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளியில் மின்ஸ்கூட்டர் ஆலை, முழுக்கப் பெண்களை வைத்தே நடத்துவோம், பத்தாயிரம் பேருக்கு வேலை என்று 2021-இல் அறிவித்தது. ஓசூர்ப் பக்கத்து மின்னணு ஆலைகள் கிராமத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் எடுத்து விடுதியில் தங்கவைக்கின்றன. வீட்டை விட்டு வெளியே வந்து சொந்தமாகச் சம்பாதிக்கும் அந்தப் பெண்களின் வாழ்வில் இது சின்ன மாற்றம் அல்ல. ஆனால் அங்கே தேவைப்படுவது பன்னிரண்டாம் வகுப்பு, இளவயது, சலிக்காத கை. 400 மதிப்பெண் வாங்கியவளும் 550 வாங்கியவளும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையிலிருந்து அடுத்த படிக்கு, இயந்திரத்தைச் சரிபார்ப்பவராக, தரக் கட்டுப்பாட்டாளராக, ஷிப்ட் பொறுப்பாளராக ஏற வேண்டுமானால், மைக்ரோமீட்டரில் தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் படிக்கத் தெரிய வேண்டும், பழுதுக் குறிப்பேட்டைப் படித்து விளங்கிக்கொள்ள வேண்டும், விழுக்காடும் விகிதமும் விரல்நுனியில் இருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் புரியாமல் போன அந்தப் பின்னம் இங்கே வந்து வழியை மறிக்கிறது. மே மாதத் தேர்ச்சிப் பட்டியலில் அது எங்கும் தெரிந்ததில்லை.

பள்ளித் தேர்ச்சி நேரடியாகவே வட்டாரப் பொருளாதாரத்தை வளர்த்த ஓர் இடம் உண்டென்றால் அது நாமக்கல்–ராசிபுரம் பகுதிதான். முட்டை, லாரி, அதற்கடுத்து ஸ்கூல் என்று ஊரே சொல்லும். வெளிமாவட்டப் பெற்றோரின் பணம் கட்டணமாக வந்தது, அதைச் சுற்றி விடுதிக் காப்பாளர், ஓட்டுநர், காய்கறி, பால் என்று ஒரு சந்தை விரிந்தது. அந்த முறையைப் பார்த்துத்தான் தருமபுரி, கிருஷ்ணகிரியிலும் விடுதிப் பள்ளிகள் பெருகின. 2017-இல் நீட் கட்டாயமானபோது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணின் மவுசு குறைந்து, அதே கட்டடங்கள் பயிற்சி மையங்களாகவும் உருமாறின. தேர்ச்சியை ஒரு சரக்காக விற்று வளர்ந்த இந்தத் தொழிலை எல்லா மாவட்டமும் பின்பற்ற முடியாது. எல்லோரும் விற்றால் வாங்க ஆள் எங்கே?

இந்தக் குறைகளைக் கண்டவர்கள் பலர் திறன் பயிற்சி என்ற பக்கம் சாய்கிறார்கள். 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் அந்தத் திசையில் எடுத்த பெரிய முயற்சி. கடகத்தூரில் ஐ.டி.ஐ. இருக்கிறது, செட்டிக்கரையில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, சிப்காட்டுக்கு வரும் ஆலைகளோடு இவற்றைப் பிணைப்பது உடனே செய்ய வேண்டிய வேலை. ஆனால் பள்ளியையே ஆலைக்கு ஆள் தயாரிக்கும் இடமாக்கிவிட வேண்டும் என்று பேசுவது ஆபத்து. பத்தாண்டு கழித்து ஆலை வேறு இயந்திரம் வாங்கும், அல்லது வேறு மாநிலம் போகும். பழைய இயந்திரத்துக்குப் பழக்கப்பட்ட கைக்கு அன்று என்ன மதிப்பு? நன்றாகப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்தவரால் எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் சீக்கிரமே ஒரு கைத்தொழில் போதும் என்ற எண்ணத்தைத் தமிழ்நாடு 1950-களிலேயே போராடித் தோற்கடித்தது. அது வேறு சட்டை போட்டு வருவதை அடையாளம் காண வேண்டும்.

ஒன்றிய அரசும் மாநில அரசும் கொள்கைச் சண்டையில் பள்ளிகளை நடுவில் நிறுத்தியிருப்பதையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25-இல் 2,152 கோடி ரூபாய் சமக்ர சிக்ஷா நிதி நிறுத்தப்பட்டது. கொள்கையில் யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். அந்தத் தண்டனை அரசுப் பள்ளிகளின் மேல்தான் விழுந்தது.

அப்படியானால் என்ன செய்யலாம்? தேர்ச்சி விழுக்காட்டை நிறுத்த வேண்டாம். வேல்ஸ் காட்டிய பாடம் இருக்கிறது. இங்கிலாந்து அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டே, 2016 முதல், ஒரு பிள்ளை தொடக்கப்பள்ளி முடித்த நிலையிலிருந்து எவ்வளவு முன்னேறியது என்பதைப் பள்ளிகளின் முதன்மை அளவுகோல்களில் ஒன்றாக்கி வெளியிட்டது. நமக்கு அந்த அளவு நுட்பம்கூட உடனே தேவையில்லை. மாவட்டத்துக்கும் பள்ளிக்கும் இன்னும் மூன்று எண்கள் சேர்த்து வெளியிட்டால் போதும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள். மாநிலத் திட்டக்குழுவின் தேர்வில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கிலும் வாசிப்பிலும் எங்கே நின்றார்கள். பன்னிரண்டு முடித்து இரண்டு ஆண்டு கழித்து அவர்கள் படிக்கிறார்களா, வேலையில் இருக்கிறார்களா, இரண்டும் இல்லையா.

இதற்குப் புதிய கமிட்டியோ புதிய செயலியோ வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் ஓர் எண் இருக்கிறது. கல்லூரிக்குப் போனவர்களின் விவரம் யூமிஸ் தளத்தில் இருக்கிறது, புதுமைப் பெண் தொகையே அதை வைத்துத்தான் போகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் கல்லூரி சேராதவர்களைத் தேடிப் பிடித்து ‘உயர்வுக்குப் படி’ முகாம்களுக்கு அழைக்கும் அரசின் கையில் அந்தப் பெயர்ப்பட்டியல் ஏற்கெனவே உண்டு. வெளியிட மனம்தான் வேண்டும். வெளியிட்டால் முதல் ஆண்டு பல மாவட்டங்களின் முகம் கறுக்கும். தருமபுரியின் முகமும் கறுக்கலாம். அதுவே பரவாயில்லை.

நல்லம்பள்ளி ஒன்றியத்துப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெரும்பான்மை உறுப்பினர்கள் பெற்றோரே. ரிசல்ட் வந்த பிறகு வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில், இந்த ஆண்டு எத்தனை விழுக்காடு என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். ஏழு ஆண்டுக்கு முன் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு பெயராகப் படித்து, இந்தப் பிள்ளை இப்போது எங்கே என்று கேளுங்கள்.